மாதம் 3,000 ரூபாய் குறைவு என்று காட்டும் கார் லீஸ் உண்மையிலேயே குறைவா?

கேள்வி: வணக்கம் சார். கிருஷ்ணகிரியில் குடியிருக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மேனேஜர். தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருகிறேன், ஷிப்ட் மாறும் நாட்களில் ரொம்பச் சிரமம். இப்போது எங்கள் கம்பெனியில் கார் லீஸ் திட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். வாடகையைச் சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்துக்கொள்வார்களாம், அதனால் வருடம் 1,24,000 ரூபாய் வரி மிச்சம் என்று தாளில் போட்டிருக்கிறார்கள். 48 மாதம். இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது, இரண்டும் ஒரே கார்தான். முதலாவதில் மாதம் 34,928, இரண்டாவதில் 31,919. இரண்டாவதையே எடுத்துவிடலாம் என்று கணவர் சொல்கிறார். அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் நம் பேர் இல்லாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு பணம், பேங்க் லோன் போட்டு வாங்கு என்கிறார். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன், கழிவெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 20 லட்சம் வரும். ஒப்பந்தத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும், எங்கே பேரம் பேச முடியும்? பெயர் வேண்டாம். (கிருஷ்ணகிரி வாசகி)

பதில்:

வணக்கம்மா. ஒப்பந்தத்தை முழுசாக அனுப்பியது நல்லதாகப் போயிற்று, பெரும்பாலானவர்கள் கொட்டேஷனில் உள்ள மாத வாடகையை மட்டும் அனுப்பி நல்லதா கெட்டதா என்று கேட்கிறார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் தாள்களைத் தர்மபுரியில் என் அலுவலகத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் அந்த இரண்டு கொட்டேஷன். கார் ஒன்றே, ஆன்ரோடு விலை இரண்டிலும் 12,85,000. எக்ஸ்ஷோரூம் 10,40,000, ஆயுள் வரி 1,87,200, இன்சூரன்ஸ் 45,000, மற்றவை 12,800. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ரெசிடுவல் வேல்யூ என்று ஒரு வரி. நான்கு வருடம் முடிந்த பிறகு அந்தக் காருக்கு என்ன மதிப்பு என்று இப்போதே முடிவு கட்டி வைக்கிற தொகை அது. முதல் கொட்டேஷனில் எக்ஸ்ஷோரூம் விலையில் 25 சதவீதம், அதாவது 2,60,000. இரண்டாவதில் 40 சதவீதம், 4,16,000. கடைசியில் காரை நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்தால் அந்தத் தொகையைக் கட்டித்தான் வாங்க வேண்டும். ஆக இரண்டாவதில் மாதம் 3,009 ரூபாயைக் குறைத்துக் காட்டிவிட்டு, 1,56,000 ரூபாயைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள்: முதலாவதில் 48 மாத வாடகையும் ரெசிடுவலும் சேர்ந்து 19,36,544. இரண்டாவதில் 19,48,112. அதோடு நிற்கவில்லை. மாத வாடகை வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து போகிறது, ரெசிடுவலை வரி கட்டிய பிறகு கையில் மிஞ்சும் பணத்திலிருந்து கட்டுகிறீர்கள். அதனால் இரண்டாவதில் வருடத்துக்குச் சுமார் 7,500 ரூபாய் வரிச் சேமிப்பும் குறையும். எல்லாம் சேர்த்தால் கணவர் சொன்ன 'குறைந்த' கொட்டேஷன் நான்கு வருடத்தில் 41,000 ரூபாய்க்கு மேல் அதிகம்.

காரைக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தால் இரண்டாவதுதானே லாபம் என்று கேட்பீர்கள். பொதுவாக அது சரிதான். உங்கள் விஷயத்தில் சரியில்லை, காரணம் கிலோமீட்டர். ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவில் வருடத்துக்கு 20,000 கி.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், மேலே ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6 ரூபாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கி.மீ. என்று வையுங்கள். போக வர 100, மாதம் 24 நாள், வருடம் 28,800. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்கு ஒரு நடை, விசேஷம், மருத்துவமனை, ஒகேனக்கல் எல்லாம் சேர்ந்தால் 32,000 தாராளமாக வரும். வருடத்துக்கு 12,000 அதிகம், நான்கு வருடத்தில் 48,000 கி.மீ., அதற்கு அபராதம் 2,88,000 ரூபாய். முதல் கொட்டேஷனில் காரையே சொந்தமாக்கிக்கொள்ள 2,60,000 போதும் என்னும்போது, திருப்பிக் கொடுக்க அதைவிட அதிகம் கட்டுவதா? ஆகவே நீங்கள் காரை வாங்கத்தான் போகிறீர்கள் என்று இன்றைக்கே முடிவு செய்துகொண்டு பேச உட்காருங்கள். அப்படியானால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். குறைந்த ரெசிடுவல் வேண்டும். அந்த விலைக்கே உங்களுக்குத் தருவார்கள் என்ற உறுதி வேண்டும். நீங்களே வாங்கும்பட்சத்தில் கிலோமீட்டர் அபராதம் கிடையாது என்ற வரியும் வேண்டும். இப்போதுள்ள ஒப்பந்தத்தில் 'அப்போதைய சந்தை விலைக்கு வழங்கப்படலாம்' என்றுதான் இருக்கிறது. அந்த 'வழங்கப்படலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. லீஸ் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுத மாட்டோம் என்றால் குறைந்தபட்சம் உங்கள் ஹெச்.ஆர். வழியாக மெயிலிலாவது வாங்குங்கள்.

இனி அந்த 1,24,000 ரூபாய் கணக்கு. வருட வாடகை 4,19,136. அதில் கம்பெனி தரும் கார் வசதிக்காக உங்கள் வருமானமாகச் சேர்க்க வேண்டிய சலுகை மதிப்பு மாதம் 1,800 வீதம் 21,600 என்று கழித்துவிட்டு, மீதி 3,97,536-க்கு 31.2 சதவீதம் போட்டிருக்கிறார்கள். 31.2 என்பது 30 சதவீதப் படிநிலையில் இருப்பவருக்கு, வரியின் மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்து. புதிய முறையில் 30 சதவீதம் 24 லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. உங்களுடைய 16 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 20 சதவீதம், செஸ்ஸோடு 20.8. அதைப் போட்டால் வருடம் சுமார் 82,700 ரூபாய்தான் மிச்சம். தாளில் 41,000 ரூபாய் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒரே தாளை எல்லா ஊழியருக்கும் அடித்துக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அந்த 1,800 என்ற எண்ணையும் விசாரியுங்கள். அது 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 1.6 லிட்டர் வரையிலான எஞ்சினுக்கு, ஓட்டும் செலவையும் கம்பெனி ஏற்கும் காருக்குச் சொன்ன எண். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால், எந்த விதியை வைத்து, எந்த எண்ணைப் போட்டுப் பிடிப்பார்கள் என்று சம்பளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். அது கூடினால் மிச்சம் அந்த அளவுக்குக் குறையும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், உங்கள் ஓட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 32,000 கி.மீ., லிட்டருக்கு 16 கொடுத்தால் 2,000 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 2 லட்சம். லீஸ் காருக்கு எரிபொருள், சர்வீஸ் பில்களைக் கம்பெனி உங்கள் சி.டி.சி.க்குள்ளிருந்தே, அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய மொத்த வருடச் சம்பளத்துக்குள்ளிருந்தே, திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தால் அந்த 2 லட்சமும் வரிக்கு வெளியே போகும், இன்னொரு 31,000 ரூபாய் மிச்சம் (வாடகை கழிந்த பிறகு இது அடுத்த கீழ்ப் படிநிலையில் விழும்). மாத உச்சவரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பங்கில் பில் வாங்கும்போது வண்டி எண்ணை எழுதி வாங்குங்கள்.

சரி, அப்பா சொல்வது போல லோன் போட்டால்? ஒப்பிடுவதற்காக முழு 12,85,000-க்கும் 9 சதவீத வட்டியில் 48 மாதம் என்று வைத்தால் இ.எம்.ஐ. 31,977, மொத்தம் 15,34,896, வண்டி உங்களுடையது. முதல் கொட்டேஷனில் 19,36,544. நான்கு வருட வரிச் சேமிப்பு 3,30,000 போனால் 16,05,000-க்கு மேல் நிற்கிறது. அதாவது இன்று இருக்கிற நிலையில் லீஸ்தான் 70,000 ரூபாய் அதிகம், அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் இந்த நிலை மாறும், பேச வேண்டிய இடத்தில் பேசினால்.

அந்த இடம் எது என்றால் ஜிஎஸ்டி. நீங்கள் தேர்ந்தெடுத்தது 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் வண்டி, 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு 18 சதவீதம். ஆக 10,40,000 எக்ஸ்ஷோரூம் விலைக்குள்ளேயே 1,58,644 ரூபாய் ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கிறது. லீஸ் வாடகைக்கும் காருக்குள்ள அதே விகிதம்தான், அதனால் மாத வாடகை 29,600-க்கு மேல் இன்னொரு 5,328 போடுகிறார்கள். உங்கள் தொழிற்சாலை இந்த வரியை வரவாகத் திரும்ப எடுக்க, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது, அதனால் அது முழுக்க உங்கள் தலையில். ஆனால் லீஸ் கம்பெனிக்குக் கார் வாங்கி வாடகைக்கு விடுவதே தொழில். கார் வாங்கும்போது கட்டிய வரியை அவர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டால், அவர்களுக்குக் காரின் அடக்கம் 1,58,644 குறைந்துவிடுகிறது. குறைந்த அடக்கத்தின் மேல்தானே வாடகை போட வேண்டும்? உங்களுக்கு வந்த கொட்டேஷனில் முழு 12,85,000-யும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: "காரின் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கிறீர்களா, எடுத்தால் அதைக் கழித்த விலையில் வாடகையைப் போட்டுக் கொடுங்கள்." இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், ஏனென்றால் தொகையைப் பாருங்கள். அதே வட்டி, அதே ரெசிடுவல், அடிப்படையை மட்டும் மாற்றினால் வாடகை சுமார் 25,400, ஜிஎஸ்டியோடு 29,972. மாதம் 4,956 குறைகிறது. நான்கு வருடத்தில் 2,37,888. வாடகை குறைவதால் வரிச் சேமிப்பும் கொஞ்சம் குறையும், அதையும் கணக்கில் எடுத்த பிறகு மொத்தச் செலவு 14,17,000 அளவுக்கு வந்து நிற்கும், லோனைவிட 1,17,000 குறைவு. கடைசியில் காரை வாங்கும்போது ரெசிடுவலுக்கு 18 சதவீதம் வரி, 46,800 ரூபாய் வந்தாலும் லீஸ்தான் முன்னால் நிற்கும்.

வரவு எடுப்பதில்லை என்று அவர்கள் சொன்னால் அதை மெயிலில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். அப்புறம் வட்டியில் பேசுங்கள். கொட்டேஷனில் வட்டி என்ற சொல்லே இல்லை, 'ஆயிரத்துக்கு மாதம் 23.03' என்று மட்டும் இருக்கிறது. காரின் விலையில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் மாத வாடகை எவ்வளவு என்று சொல்லும் முறை அது, இந்தத் தொழிலில் எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். ரெசிடுவலை ஏற்றினால் அது தானாகக் குறையும், இரண்டாவது கொட்டேஷனில் 21.05 ஆனது அப்படித்தான், அதனால் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அதை நம்பாதீர்கள். எக்ஸெல்லில் ரேட் என்ற ஃபார்முலாவில் தவணை 48, மாதத் தொகை மைனஸ் 29,600, இன்றைய மதிப்பு 12,85,000, கடைசி மதிப்பு மைனஸ் 2,60,000 என்று கொடுத்து 12-ஆல் பெருக்குங்கள். 12 சதவீதம் வரும். வாடகையை மாதத் தொடக்கத்திலேயே பிடித்தால் அதைவிட அதிகம். ஒரு சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும் ஜிஎஸ்டியோடு மாதம் 850 ரூபாய்தான் குறையும் என்பதால் இதை இரண்டாவதாக வைக்கிறேன். வட்டி பெரும்பாலும் உங்கள் தொழிற்சாலைக்கும் லீஸ் கம்பெனிக்கும் இடையில் போட்ட மாஸ்டர் ஒப்பந்தத்தில் முடிவாகியிருக்கும், தனி ஆளாக அசைப்பது கடினம். ஹெச்.ஆர். பட்டியலில் இன்னொரு லீஸ் கம்பெனி இருந்தால் அங்கேயும் அதே கார், அதே ரெசிடுவல் என்று சொல்லி கொட்டேஷன் வாங்குங்கள். இரண்டு தாளும் மேஜையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கார் விலையில் டீலரிடம் பேரம் பேசுவது உங்கள் வேலை. லீஸ் என்றதும் விலையை லீஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு விலை கூடினால் நஷ்டமில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி மூன்றிலும் கேளுங்கள், சேலத்துக்கும் ஒரு போன் போடுங்கள். ஆடி மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும். ரெசிடுவலை முன்கூட்டியே பூட்டிவிட்டால் டிசம்பர் வண்டி 'போன வருட மாடல்' ஆகிவிடுமே என்ற கவலை உங்களுக்கு அவ்வளவாக இல்லை. தள்ளுபடி பில் விலையில் குறைய வேண்டும், சீட் கவரும் மேட்டுமாக வரக் கூடாது.

அதோடு உங்கள் மாடலில் ஒரு படி கீழே உள்ள வேரியண்ட் 9,90,000-க்குக் கிடைக்கிறது என்று உங்கள் தாளிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000-க்கு ஆயுள் வரி 1,28,700. உங்கள் வேரியண்டுக்கு 1,87,200. சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் நீங்கள் கொடுப்பது 50,000 இல்லை, வரியோடு 1,08,500, அதன் மேல் வட்டி, அதன் மேல் மாதாமாதம் ஜிஎஸ்டி. தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறீர்கள், ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.சி. எல்லாம் இரண்டு வேரியண்டிலும் ஒன்றுதான் என்றால் கீழ் வேரியண்டையே எடுங்கள் என்பேன்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற பிரிவுக்கு வருகிறேன், 17-ஆவது. நடுவில் வேலையை விட்டால் 'மீதமுள்ள அனைத்து வாடகையும் ரெசிடுவல் மதிப்பும்' கட்ட வேண்டும் என்று இருக்கிறது. 24-ஆவது மாதத்தில் விடுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி 24 வாடகை 7,10,400, ரெசிடுவல் 2,60,000, மொத்தம் 9,70,400, ஜிஎஸ்டி தனி. அந்த வாடகைகளுக்குள் இனி வரப்போகும் இரண்டு வருடத்துக்கான வட்டியும் இருக்கிறது. பணத்தை முன்கூட்டியே கட்டுகிறவர் எதிர்கால வட்டியை எதற்குக் கட்ட வேண்டும்? அந்தத் தேதியில் உண்மையில் நிலுவையில் இருக்கும் அசல் 8,33,600 அளவுதான். அதற்கு மேல் 3 சதவீதம் கட்டணம் போட்டாலும் 8,58,600. வித்தியாசம் 1,11,800 ரூபாய். இந்தத் தொகையை உங்கள் கணக்கு முடிக்கும்போது கடைசிச் சம்பளத்திலும் விடுப்புப் பணத்திலும் பிடித்துக்கொள்ள நீங்களே இப்போது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள், இணைப்பு 3-ஐப் படியுங்கள். ஓசூரில் ஒருவர் கொண்டு வந்து காட்டிய ஃபோர்குளோஷர் (லீஸை முன்கூட்டியே முடிக்கும்) கடிதத்தில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது, எது அசல், எது வட்டி, எது கட்டணம் என்று பிரித்தே காட்டவில்லை. கேட்டால் 'சிஸ்டம் கணக்குப் போடுகிறது' என்று பதில். அதனால் இப்போதே, கையெழுத்துக்கு முன்பே, 48 மாதத்துக்கும் மாதாமாதம் நிலுவை அசல் எவ்வளவு என்று காட்டும் அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். 'நிலுவை அசலும் 3 சதவீதமும்' என்று 17-ஐ மாற்றக் கேளுங்கள். புதிய கம்பெனிக்கு லீஸை மாற்றிக்கொள்ளலாம் என்ற வரியும் இருக்க வேண்டும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், புதுக் கம்பெனிக்கும் அதே லீஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்தால்தான் அது நடக்கும்.

வேலையை விடுவது மட்டுமில்லை. கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால் என்ன, சம்பளமில்லாத விடுப்பில் நீங்கள் மூன்று மாதம் இருக்க நேர்ந்தால் அந்த மாத வாடகை எங்கிருந்து போகும், ஊழியர் இறந்துவிட்டால் குடும்பத்திடம் கேட்பார்களா, இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. இல்லாத இடத்தில் 17-ஆவது பிரிவைத்தான் நீட்டுவார்கள். நான்கு வருடம் இந்த வேலையில் இருப்பேன் என்று மனதுக்குள் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால், 17 மாறாதவரை கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், இது போகக் கூடாது.

விபத்தில் வண்டி முழுதாகப் போய்விட்டாலும் இதே சிக்கல்தான். ஒரு வயது முடிந்து இரண்டுக்குள் இருக்கும் காருக்கு இன்சூரன்ஸில் ஐ.டி.வி., அதாவது முழு நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை, 20 சதவீதம் தேய்மானம் போக, உங்கள் காருக்கு 8,32,000. இருபதாவது மாதத்தில் 17-ஆவது பிரிவுப்படி கேட்கும் தொகை 10,88,800. நடுவில் உள்ள 2,56,800 ரூபாயை இல்லாமல் போன காருக்காக நீங்கள் கட்டுவீர்கள். நிலுவை அசல் முறையாக இருந்தால், 3 சதவீதக் கட்டணம் நீங்கலாக, 84,500 அளவில் நிற்கும். தேய்மானம் பார்க்காமல் பில் விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவர் எடுத்தால் அதையும் சமாளிக்கலாம். பம்பர் டு பம்பர் மட்டும் போதாது, அது பாகங்களின் தேய்மானத்துக்குத்தான். சூளகிரிப் பக்கம் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வருகிறவர் இந்த பிரீமியத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

பதிவு எண் விஷயத்தில் உங்கள் கடிதத்தின் பின்குறிப்பைப் பார்த்தேன், லீஸ் கம்பெனியின் கிளை பெங்களூரில் இருப்பதால் கர்நாடகப் பதிவு சீக்கிரம் கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னாராம். வேண்டவே வேண்டாம். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு. இங்கே திரும்ப வரி கட்டி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியிருக்கும், ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லாததால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் லீஸ் கம்பெனியின் பின்னால் போக வேண்டும். கிருஷ்ணகிரி டிஎன் 24 அல்லது ஓசூர் டிஎன் 70, இரண்டில் ஒன்று.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஆர்.சி.யில் பெயர் இல்லை என்ற அவர் கவலை நியாயம்தான், ஆனால் சட்டத்தின் 2(30) பிரிவுப்படி லீஸில் இருக்கும் வண்டிக்கு, அதைக் கையில் வைத்திருப்பவரே 'உரிமையாளர்' என்ற கணக்கில் வருவார். அது உரிமையைவிடப் பொறுப்பைத்தான் அதிகம் தருகிறது. விபத்து வழக்கு, அபராதம் எல்லாம் வண்டியை வைத்திருப்பவர் பக்கம் வரும், அதனால் ஓட்டுபவர்கள் பட்டியலில் கணவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். வீட்டு லீஸ் மாதிரி கடைசியில் பணம் திரும்பும் என்று அவர் நினைத்திருந்தால் அது இதில் இல்லை, டெபாசிட் என்று ஏதாவது வாங்கினால் அது மட்டும்தான் திரும்பும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். வரி விகிதம் மாறினால் வாடகை மாறும் என்று 9-ஆவது பிரிவு சொல்கிறது, 'கூடினால்' என்று மட்டும் இருக்கிறது, 'குறைந்தாலும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள், 2025-இல் குறைந்ததைப் பார்த்தோமே. உங்களுடையது கார் மட்டும் உள்ள லீஸ், சர்வீஸும் இரண்டாம் வருட இன்சூரன்ஸும் உங்கள் செலவு. இரண்டு வருடத்துக்குள் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பேங்க் மேனேஜரிடம் பேசுங்கள், மாதம் 30,000 ரூபாய் பிடித்தம் போன சம்பளச் சீட்டைத்தான் அவர் பார்ப்பார்.

ஹெச்.ஆருக்கும் லீஸ் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்கள், இப்படி இருந்தால் போதும்: "கொட்டேஷன் ஒன்றின் ரெசிடுவல் 25 சதவீதத்தை ஏற்கிறேன். காரின் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கப்படுகிறதா என்பதையும், எடுத்தால் அதைக் கழித்த அடிப்படையில் புதிய வாடகையையும் தெரிவிக்கவும். 48 மாத நிலுவை அசல் அட்டவணையை இணைக்கவும். 17-ஆவது பிரிவை நிலுவை அசலும் 3 சதவீதமும் என்று மாற்றவும், விபத்தில் வாகனம் முழுதாகச் சேதமானாலும் அதுவே பொருந்தும் என்று சேர்க்கவும். நான் ரெசிடுவல் விலையில் காரை வாங்கும்போது கூடுதல் கிலோமீட்டர் கட்டணம் இல்லை என்று உறுதி செய்யவும். வாகனம் தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட வேண்டும்." கொட்டேஷன் இந்த மாதக் கடைசியோடு காலாவதி என்று அவசரப்படுத்துவார்கள், தேதி போனால் புதுக் கொட்டேஷன் அடித்துத் தருவார்கள், அவ்வளவுதான். பதில் வந்ததும், எப்படி வந்தாலும், அட்டவணையோடு அனுப்புங்கள். லோன் கணக்கையும் உங்கள் பேங்க் சொல்லும் உண்மையான வட்டியில் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.